பக்கத்து சீட்டின் எடை

அந்தக் காருக்கு எந்த அளவில் சக்கரமும் டயரும் போடுவது என்று என் கணவர் ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். அப்போது அவர் என் கணவர் இல்லை. எனக்கு அவர் தொலைபேசியில் வருகிற ஒரு குரல். எங்கள் இருவருக்கும் கல்யாணம் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் இருவருமே சிரித்திருப்போம், அவரவர் அறையில் தனித்தனியாக.

அவருக்கு ஒரு பல் லேபில் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையாக்குவார். ரோஸ் நிற மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்து, கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பல் செட்டாகச் செய்து திருப்பி அனுப்புவார். இரண்டாவது மாடியில், ஒரே ஜன்னல் உள்ள அறை. அலமாரி முழுக்க யார் யாருடையவோ தாடைகள். அந்தத் தாடைகளின் சொந்தக்காரர்கள் எவரையும் அவர் பார்த்ததில்லை.

"ஊர்ல பாதிப் பேர் என் பல்லை வெச்சுதான் சிரிக்கிறாங்க. ஆனா என்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிச்சதில்ல" என்று பின்னாளில் சொல்வார். வருத்தமாகச் சொல்ல மாட்டார். கணக்குச் சொல்வதுபோலச் சொல்வார்.

லேபுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல் கடையின் மேல் அவருடைய அறை. அதில் ஒரே ஒரு நாற்காலி. அக்கா பார்க்க வந்தால் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு இவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். அக்காவைத் தவிர யாரும் வந்ததில்லை. அதனால் வாளியே போதுமாக இருந்தது.

வெளிநாடு போகிற ஒரு டாக்டர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இவர் போய் வாங்கி வந்துவிட்டார். இரண்டே சீட். துணிக்கூரை. வெளிறிப்போன பச்சை நிறம். அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, உனக்குப் புத்தி இருக்கா? நாலு பேர் உக்கார்ற வண்டியா வாங்க வேண்டியதுதானே?"

"நாலு பேருக்கு நான் எங்கக்கா போவேன்?"

"சரி, அந்த ரெண்டாவது சீட்டுக்கு மட்டும் யாரு இருக்கா?"

"சாப்பாட்டு டப்பா வெச்சுப்பேன்."

"டப்பாவுக்குத் தனி சீட்டா! நல்லா இருக்குடா உன் குடித்தனம்."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாராம். ஆனால் அவர் கார் வாங்கியது அந்த இரண்டாவது சீட்டுக்காகத்தான். இதைக் கல்யாணமாகி வெகு நாள் கழித்து என்னிடம் சொன்னார். தனியாக இருப்பவன் அறையில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டால், யாருக்கு என்று கேட்பார்கள். காரில் அது கூடவே வந்துவிடுகிறது, யாரும் கேட்பதில்லை. அதில் என்றைக்காவது ஒருவர் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதை வெளியே சொல்லத் தெரியாதவர், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பழைய சக்கரங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை என்று அவருக்குத் தோன்றியது. பெரிய மனுஷன் குழந்தைச் செருப்பு போட்டதுபோல மட்கார்டுக்குள் ஒடுங்கி நின்றன. டயர் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரரை எல்லோரும் பஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அப்பா காலத்தில் அது பஞ்சர் ஒட்டும் கடை. இப்போது கம்ப்யூட்டர் வைத்து சக்கரக் கோணம் பார்க்கிறார்கள், பெயர்ப்பலகையில் வேறு ஏதோ பெயர் மின்னுகிறது. ஆனாலும் அவர் பஞ்சர்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். கடை ஸ்டூல் அவரைப் பார்த்தாலே முனகும்.

"பதினேழு இன்ச் போடுவோம், பல்லண்ணே. வண்டி நின்னாலே ஓடுற மாதிரி இருக்கும்."

"நிக்கும்போது ஓடுற மாதிரி இருக்கட்டும். ஓடும்போது உள்ள நான்ல உக்காரணும்."

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படிக்க என் கணவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் வீலின் விட்டம், அங்குலத்தில். வீலைப் பெரிதாக்கினால் ரப்பரை மெலிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்த உயரம் கூடி, வேகம் காட்டும் முள் பொய் சொல்லத் தொடங்கும். ரப்பரை ரொம்ப மெலிதாக்கினால் சாலையில் உள்ள ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் வந்து உட்காரும். பதினேழு வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணம்.

கம்பெனி கொடுத்தது 185, 60, 14. இவர் கடைசியில் முடிவு செய்தது 205, 50, 15. மொத்த உயரம் அரை விரல்கூட கூடவில்லை. அகலம் நன்றாகக் கூடியது. அதோடு, சற்று வெளியே தள்ளி நிற்கிற வீலாகத் தேடி எடுத்தார். டயரின் வெளிப்பக்கமும் மட்கார்டின் விளிம்பும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பல்லும் ஈறும் சேர்கிற கோடு மாதிரி என்பார்.

உரசுகிறதா என்று பார்க்க அவர் செய்த வேலையைப் பஞ்சர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். லேபிலிருந்து ரோஸ் மெழுகைக் கொண்டுவந்து, சூடாக்கி, நான்கு மட்கார்டுகளின் உள்விளிம்பிலும் ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் ஓட்டினார். வளைவு, மேடு, வேகத்தடை எதையும் விடவில்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தால், டயர் எங்கே தொட்டதோ அங்கே மெழுகில் தடம் இருக்கும். தடம் இருந்தால் வீலுக்குப் பின்னால் அதை வெளியே தள்ளி நிறுத்துகிற தகட்டைக் கொஞ்சம் மெல்லியதாக மாற்றுவார். மறுபடி மெழுகு, மறுபடி ஞாயிறு.

"வண்டிக்குப் பல்லு கட்டறீங்களாண்ணே?"

"கடி சரியா இருக்கணும் தம்பி. கொஞ்சம் தூக்கலா இருந்தாலும் வாழ்நாள் முழுக்க உறுத்தும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெழுகில் தடமே விழவில்லை. டயருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் அளவு இடைவெளி. பஞ்சரே மெச்சினாராம். அன்று மாலை அவர் தனியாகவே நெடுநேரம் ஓட்டினார். பக்கத்து சீட்டில் மெழுகு டப்பாவும் துடைக்கிற துணியும் இருந்தன.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் இருந்தேன். லேபுக்கு வேலை அனுப்புவதும், வந்த வேலை சரியில்லை என்றால் போன் செய்வதும் என் பொறுப்பு. அந்தக் குரலோடு பல வருடம் பேசியிருக்கிறேன். பேச்செல்லாம் பிறர் வாயைப் பற்றித்தான். போக்குவரத்துப் போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களைப் படுத்திக்கொண்டிருந்தார். பல் செட்டை மூன்று முறை திருப்பிவிட்டார்.

"சார், அந்த போலீஸ்காரர் மறுபடி வந்துட்டார். 'ச'ன்னு ஆரம்பிச்சாலே விசில் அடிக்குதாம்."

"பழைய பழக்கம் போகல போல மேடம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதிரே காத்திருந்த நோயாளிகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதன் பிறகு வேலை இல்லாவிட்டாலும் ஏதாவது காரணம் கண்டுபிடித்துப் போன் செய்தேன் என்று சொன்னால் பொய். துணிவு இல்லை. எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வருடங்கள் போயிருந்தன. அவர் போன பிறகு, வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில்தான் என் வீடு.

பல் செட் நாலாவது முறை தயாரானபோது போலீஸ்காரருக்குக் கால் சுளுக்கி, எங்கள் மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் வெளியூரில் இருந்தார். "லேப்காரரைக் கூட்டிக்கிட்டு நீயே போய் மாட்டிப் பாத்துட்டு வந்துடும்மா. பாவம், மனுஷன் கஞ்சியே குடிச்சிட்டிருக்கார்" என்று போனில் சொன்னார்.

அப்படித்தான் அந்தப் பச்சைக் கார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. குரலுக்கு நான் கொடுத்து வைத்திருந்த உடம்பு அதுவல்ல. குரல் கனமானது, ஆள் ஒல்லி. நகக்கண்ணில் ரோஸ் மெழுகு. என்னைப் பார்த்ததும் பக்கத்து சீட்டிலிருந்த டப்பா, துணி, மெழுகு எல்லாவற்றையும் வாரி எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு டிக்கியில் போட்டார். சீட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சார், நான் உக்காரலாமா?"

"உக்காருங்க மேடம். அது... உக்காரத்தான்."

தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் என் முதுகுக்குப் பின்னால் 'சர்ர்' என்று துணி கிழிவதுபோல ஒரு சத்தம். அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த குழியில் மறுபடி சர்ர். வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தின் மேலே மட்கார்டு விளிம்பில் ரோஸ் மெழுகு வழித்தெடுத்ததுபோல இருந்தது. டயரின் தோளில் ஒரு புதுக் கீறல்.

"நான் அவ்வளவு வெயிட்டா சார்?"

"ஐயோ, இல்ல மேடம்." குனிந்தபடியே இருந்தார். எழுந்திருக்கவில்லை. "நான்தான்... நீங்க இல்லாமயே அளந்துட்டேன்."

எனக்கு அப்போது புரியவில்லை. அவரே விளக்கினார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஒருவர் எடையில்தான் வண்டி ஓடியது. மெழுகில் தடம் விழாத அந்தக் கச்சிதமான அளவு, பக்கத்து சீட் காலியாக இருக்கும்வரைதான் கச்சிதம். இன்னொருவர் ஏறினால் வண்டி இறங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் இத்தனை மாதத்தில் ஒரு முறைகூட நினைப்பில் வரவில்லை. யாருக்காக அந்தக் காரை வாங்கினாரோ, அந்த ஆளை விட்டுவிட்டே அதற்குச் சக்கரம் பார்த்திருக்கிறார்.

"நான் டாக்ஸி பிடிச்சு வரேன் சார். உங்க டயர் வீணாப் போகுது."

"வேண்டாம்" என்று சட்டென்று சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மெதுவாப் போனா உரசாது மேடம். உங்களுக்கு அவசரம் இல்லைன்னா..." என்றார்.

எனக்கு என்ன அவசரம்? கட்டில் எங்கேயும் ஓடிப்போகாது.

ஊர்ந்து போனோம். ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சைக்கிள்காரர் முந்திப் போனார். போகிறபோக்கில் திரும்பி, "சார், கயிறு இருந்தா குடுங்க, கட்டி இழுக்கறேன்" என்றார். குழி வரும் இடமெல்லாம் அவர் முன்கூட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் கதவைப் பிடித்து உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொண்டேன், என்னமோ அதனால் எடை குறையும் என்பதுபோல. அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிறர் வாயைப் பற்றி அல்லாமல் நாங்கள் பேசியதும் அன்றுதான்.

போலீஸ்காரர் செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "சரி. சனி. சந்தோஷம்" என்று சொல்லிப் பார்த்தார். விசில் இல்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "அப்பாடா, இனிமே நான் விசில் கேட்டு வீட்டுக்குள்ள நின்னு நின்னு போக வேண்டாம்" என்றார். கிளம்பும்போது வாசலில் வண்டி உரசியது. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"தம்பி, உரசுது பாரு. ஆள் அதிகம்."

"ரெண்டே பேர்தான் சார்."

"ரெண்டு பேரையே தாங்கலைன்னா எதுக்குய்யா ரெண்டு சீட்டு?"



மறுநாள் காலை பஞ்சர் கடை திறக்கும் முன்பே போய் நின்றுவிட்டார். மிச்சத்தைப் பஞ்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இந்த செட்டைக் கழட்டிடு தம்பி. 195, 50, 15 போடு. வீலும் உள்ள தள்ளி நிக்கற மாதிரி வேற பாரு."

"என்னண்ணே, ஊரெல்லாம் அலைஞ்சு தேடின வீலு! யாரு கண்ணு பட்டுச்சு?"

பஞ்சர் இடது மட்கார்டுக்குள் தலையை விட்டு, உரசிப்போன மெழுகைப் பார்த்தார். மெல்ல நிமிர்ந்தார்.

"ஓஹோ. ஏறிட்டாங்களா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

புதுச் சக்கரம் விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே போய் நின்றது. அவர் ஆசைப்பட்ட கோடு போய்விட்டது. சோதித்துப் பார்க்க பக்கத்து சீட்டில் ஒரு சிமெண்ட் மூட்டையை வைக்கலாம் என்றாராம் பஞ்சர். இவர் வேண்டாம் என்றார். அன்று மதியம் என் மேஜையில் போன் அடித்தது.

"மேடம், சக்கரம் மாத்திட்டேன்."

"அப்படியா சார்? நல்லது."

"உரசுதான்னு பாக்கணும். ஒரு ஆள் எடை வேணும்."

"சிமெண்ட் மூட்டை வெச்சுப் பாக்கலாமே சார்."

"டயர் கடைக்காரரும் அதான் சொன்னார்." பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். "மூட்டை பேசாது மேடம்."

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டது நாத்தனாரும் பஞ்சரும். நாத்தனார் வாசலில் நின்ற காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொம்மைல ஏறத்தான் ஒருத்தி வரணும்னு இருந்திருக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அறையில் இரண்டாவது நாற்காலி வந்தது. வாளி வாளியாகவே ஆனது. ஞாயிறுதோறும் எங்கேயாவது போனோம். இடது மட்கார்டில் உரசிய அந்த மெழுகை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. ஒருமுறை என்னை ஏறி உட்காரச் சொல்லி, வெளியே குனிந்து டயருக்கு மேலே கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "நீ ஏறினா சரியா ஒரு விரல் இறங்குது" என்றார். ஏதோ பட்டம் கொடுத்தாற்போலச் சொன்னார். சண்டை போட்ட ஒரு நாள் நான் காரில் ஏற மாட்டேன் என்று நடக்க ஆரம்பித்தேன். பக்கத்திலேயே ஊர்ந்து வந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏறிக்கோ. வண்டி ஒரு பக்கமா சாயுது" என்றார். எத்தனை கோபம் என்றாலும் அதற்குமேல் எப்படி நடப்பது?

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்தப் பக்கத்து சீட்டில் அவரே உட்கார்ந்து, கால் தன்னிச்சையாக இல்லாத பிரேக்கை மிதிக்க, வாயைத் திறக்காமல் பொறுமையாக வந்தார்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தார். நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப் போனேன். திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன், பக்கத்து சீட் காலியாக. அன்று வண்டி எப்படி ஓடியது என்று எனக்கு நினைவில்லை.

பிறகு கார் வெகுநாள் நின்றே கிடந்தது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். தடதடவென்று ஆடியது. பஞ்சர் டயர்களைத் தட்டிப் பார்த்து, விளிம்பில் விரலை ஓட்டினார்.

"ரப்பர் இறுகிப்போச்சுக்கா. வெடிப்பு விட்டிருக்கு. நாலும் மாத்தணும்."

"சரி, மாத்திடுங்க."

கொஞ்சம் தயங்கினார். பரண்மேல் கையைக் காட்டினார். என் கணவர் ஆசையாய்த் தேடிய அந்த அகல வீல்கள் நான்கும் சாக்கில் சுற்றி அங்கே இருந்தன. பஞ்சருக்கு விற்க மனம் வரவில்லையாம்.

"அண்ணன் ஆசைப்பட்ட செட்டுக்கா. புதுசா 205 டயர் மட்டும் போட்டாப் போதும். இப்ப நீங்க ஒருத்தர்தானே, உரசாது..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கேயோ பார்த்தார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. சக்கரமும் மட்கார்டும் ஒரே கோட்டில் நிற்கும். வண்டி அழகாக இருக்கும். மெழுகில் தடம் விழாது. பரணிலிருந்து ஒரு வீலை இறக்கிக் காட்டினார். தூசியைத் துடைத்தபோது பளிச்சென்று இருந்தது. இதை எனக்காக என் கணவர் கழற்றிப் போட்டார். நான் திரும்ப மாட்டினால், அவர் விருப்பத்தை இப்போதாவது நிறைவேற்றியதாக ஆகுமா என்று நின்று யோசித்தேன். ஒற்றை நாற்காலி போட்ட அந்தப் பழைய அறை, கவிழ்த்துப் போட்ட வாளி, பக்கத்து சீட்டில் மெழுகு டப்பா. ஒற்றை ஆளுக்கு எடுத்த அளவு அது. அந்த அளவில் அவர் ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை.

"இப்ப இருக்கற சைஸே போடுங்க. 195."

"யாரையாவது ஏத்திக்கிட்டுப் போறீங்களாக்கா?"

"இல்ல."

பஞ்சர் தானே உட்கார்ந்து நான்கையும் மாட்டினார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் ஏறிப் பாக்கறேன்கா. என் எடைக்கு உரசலைன்னா யாருக்கும் உரசாது" என்றார்.

கதவு வழியாகத் தன்னை நுழைத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வண்டி அந்தப் பக்கம் நன்றாக இறங்கியது. தெருமுனை வேகத்தடை வரை போய், ஏறி இறங்கித் திரும்பி வந்தோம். வழியெல்லாம் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தோம். எந்தச் சத்தமும் இல்லை.

"பாத்தீங்களா? துளிகூட உரசல."

கடை வாசலில் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கினார். என் பக்கத்தில் வண்டி மெதுவாக மேலே எழுந்தது. ஒரு விரலுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். கதவைச் சாத்திவிட்டு அவர் கையசைக்கும்வரை இருந்துவிட்டு, வண்டியை எடுத்தேன்.